செவ்வாய் மண்ணில் பொங்கிய வாயு

(கதிர்காமத்தில் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



விலைவாசியைப் பற்றியோ, வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றியோ பேசுவோம் என்று எதிர்பார்த்து நீங்கள் வந்திருப்பீர்கள். அவற்றைப் பேசத்தான் மாதம் முழுவதும் தெருமுனைகள் இருக்கின்றன. இன்று ஒரு பழைய கடனைத் தீர்க்க வந்திருக்கிறோம். சென்ற கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும் நேரத்தில் பள்ளி மாணவி ஒருத்தி எழுந்து, "செவ்வாய்க் கிரகத்தில் உயிர் இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று செல்போனில் வருகிறதே, உண்மையா?" என்று கேட்டாள். நமக்குப் பதில் தெரியவில்லை. "படித்துவிட்டு வந்து சொல்கிறோம், அம்மா" என்று தப்பித்துக்கொண்டோம்.

நாம் பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவர்கள். ரசாயனம் என்றாலே பள்ளியில் நமக்குக் குலைநடுக்கம். ஆனாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே! ரோமன் ரோலண்டு நூலகத்தில் உட்கார்ந்து படித்தோம். இதே வழுதாவூர் சாலையில் இருக்கும் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேரைப் பிடித்துப் புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம். கேள்வி செவ்வாயைப் பற்றியது. தேடப் போன இடத்தில் ஒரு மனிதர் கிடைத்தார். அவரை வைத்துக்கொண்டுதான் பதில் சொல்லப் போகிறோம்.

கதிர்காமம் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நம்முடைய ஊர் ஞாபகத்துக்கு வராது. இலங்கையின் தென்கோடிக் கதிர்காமம்தான் வரும். அதே தென்னிலங்கையில், காலி என்ற துறைமுக நகரத்தில், 1923 அக்டோபர் 16ல் பிறந்தவர் சிரில் பொன்னம்பெருமா. பெயரைக் கேட்டதும் நம்மவர் என்று தோன்றும். அவர் சிங்களவர். ஆனால் நமக்கு அன்னியரும் அல்ல. சென்னை சர்வகலாசாலையில் படித்து 1948ல் பட்டம் பெற்றார். எதில் பட்டம் என்று நினைக்கிறீர்கள்? தத்துவத்தில்! உயிர் என்றால் என்ன, உலகம் என்றால் என்ன என்று ஏட்டில் படித்த மனிதர், அந்தக் கேள்விக்கான விடையைக் கண்ணாடிக் குடுவைக்குள் தேடலாம் என்று லண்டனுக்குப் புறப்பட்டார்.

அங்கே அவர் போய்ச் சேர்ந்த இடம் பிர்க்பெக் கல்லூரி. 1823ல் தொழிலாளிகளுக்காக ஆரம்பிக்கப்பட்ட கல்விக் கழகம் அது. பகலில் உழைப்பவர்கள் மாலையில் வந்து படிக்கும் கல்லூரி. அங்கே பௌதிகப் பேராசிரியராக இருந்தவர் ஜே. டி. பெர்னால். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி, பகிரங்கமான மார்க்சியவாதி. விஞ்ஞானம் யாருக்காக, அதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், அதன் பலன் யாருக்குப் போகிறது என்று 1939லேயே ஒரு பெரிய புத்தகம் எழுதிக் கேட்டவர். உயிர் தோன்றியது எப்படி என்பதும் அவரை விடாமல் பிடித்திருந்த கேள்வி. அவரிடம் பயின்று 1959ல் பொன்னம்பெருமா ரசாயனத்தில் பட்டம் பெற்றார்.

களிமண்ணும் கஞ்சியும்

உயிர் எங்கிருந்து வந்தது? கடவுள் ஊதினார் என்பது ஒரு பதில். எப்போதும் இருந்தது என்பது இன்னொரு பதில். இரண்டிலும் மேற்கொண்டு கேட்பதற்கு ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான். 1924ல் மாஸ்கோவில் ஓபாரின் என்ற இளம் விஞ்ஞானி ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். உயிர் உள்ளதும் உயிர் இல்லாததும் ஒரே பொருளால் ஆனவை. ஆதி பூமியின் காற்றிலும் கடலிலும் இருந்த சாதாரண ரசாயனங்கள் கூடிக் கூடிச் சிக்கலாகி, படிப்படியாக உயிராக மாறின என்பது அவருடைய வாதம். அதை அறியாமலேயே 1929ல் இங்கிலாந்தில் ஹால்டேன் அதே முடிவுக்கு வந்தார். ஆதிக் கடல் ஒரு நீர்த்த கஞ்சி போல இருந்தது, அதில்தான் உயிர் பிறந்தது என்றார்.

இந்த ஹால்டேனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. தொழிலாளர் பத்திரிகையில் வாராவாரம் விஞ்ஞானக் கட்டுரை எழுதியவர். 1957ல் இங்கிலாந்தை விட்டு நம் நாட்டுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964ல் புவனேசுவரத்தில் காலமானார். அவருடைய உடல் அவர் விருப்பப்படியே காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போயிற்று. நம்முடைய ஏனாமுக்குப் பக்கத்து ஊர்தானே காக்கிநாடா! சாகும் வரை ஆசிரியர், செத்த பிறகும் ஆசிரியர்.

சொன்னால் போதுமா? செய்து காட்ட வேண்டாமா? 1953ல் அமெரிக்காவில் மில்லர் என்ற மாணவர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி இவற்றைக் குடுவையில் அடைத்து, உள்ளே மின்பொறியைப் பாய்ச்சினார். ஒரு வாரத்தில் அமினோ அமிலங்கள் உண்டாகியிருந்தன. நம் உடம்பின் புரதங்களைக் கட்டும் செங்கற்கள் அவை. செங்கல் வந்ததால் வீடு வந்துவிடாது. ஆனால் செங்கல் தானாகவே வரும் என்பது ருசுவாயிற்று.

இந்தப் பாதையில்தான் பொன்னம்பெருமா நடந்தார். கலிபோர்னியாவில் மெல்வின் கால்வின் என்ற நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானியிடம் ஆராய்ச்சி செய்து 1962ல் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஆராய்ச்சிசாலையில் சேர்ந்தார். 1963லேயே இரண்டு காரியங்கள் செய்தார்கள். மீத்தேன், அம்மோனியா, நீர் இவற்றின் மீது எலக்ட்ரான் கற்றையைச் செலுத்தி, மரபுப் பொருளின் ஒரு துண்டாகிய அடினைனை உண்டாக்கினார்கள். பிறகு கார்ல் சாகனும் ரூத் மரினரும் அவரும் சேர்ந்து, புற ஊதா ஒளியைக் கொண்டு ஏடிபி என்ற பொருளை உண்டாக்கிக் காட்டினார்கள். நீங்கள் இப்போது கை தூக்கினாலும், கண் இமைத்தாலும், அதற்குச் செலவாகும் சக்தி இந்த ஏடிபியிலிருந்துதான் வருகிறது. உயிரின் சில்லறைக் காசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சந்திரனில் இல்லை

1969 ஜூலையில் அப்போலோ 11 சந்திரனிலிருந்து கல்லும் மண்ணுமாக 21 கிலோவுக்கு மேல் கொண்டு வந்தது. அங்கிருந்து ஏதாவது கிருமி தொற்றிக்கொண்டு வந்திருக்குமோ என்று பயந்து, போய் வந்த மூன்று பேரையும் மூன்று வாரம் தனியே அடைத்து வைத்தார்கள். அந்த மண்ணில் உயிர்ப் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தவர்களில் பொன்னம்பெருமாவின் குழுவும் ஒன்று. உயிர் வெளியிலும் இருக்க வேண்டும் என்று நம்பியவர் அவர். சந்திர மண் கையில் கிடைத்த அபூர்வமான சிலரில் ஒருவர். என்ன அறிக்கை கொடுத்தார்? உயிரின் அடையாளம் இல்லை என்று கொடுத்தார்.

அதே ஆண்டு செப்டம்பர் 28ல் ஆஸ்திரேலியாவில் மர்ச்சிசன் என்ற கிராமத்தில் வானத்திலிருந்து ஒரு கல் வெடித்துச் சிதறி விழுந்தது. நூறு கிலோவுக்கு மேல் பொறுக்கினார்கள். அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. ஆனால் ஜாக்கிரதை! விண்கல்லைத் தொட்டவன் விரல் ரேகையிலும் அமினோ அமிலம் இருக்கிறது. கல்லில் இருந்ததா, கையிலிருந்து ஒட்டியதா என்று எப்படிச் சொல்வது?

இங்கேதான் விஷயம் ருசிகரமானது. இடதுகால் செருப்பும் வலதுகால் செருப்பும் ஒரே தோல், ஒரே தையல். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குச் சேராது. அமினோ அமிலங்களிலும் அப்படி இடது, வலது என்று இரண்டு வடிவம் உண்டு. பூமியில் உயிர்கள் தங்கள் புரதங்களுக்கு இடது வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. கைபட்டு ஒட்டியதானால் இடது மட்டும் இருக்க வேண்டும். மர்ச்சிசன் கல்லிலோ இரண்டும் ஏறத்தாழச் சரிசமமாக இருந்தன. போதாததற்கு, நம் உடம்பின் புரதங்களில் வராத அமினோ அமிலங்களும் இருந்தன. ஆகவே அவை வானத்துச் சரக்கு. உயிர் செய்தவை அல்ல, ரசாயனம் தானாகச் செய்தவை. கிவென்வோல்டன், பொன்னம்பெருமா முதலியோர் 1970 டிசம்பரில் இதை வெளியிட்டார்கள். உயிரின் செங்கல் பூமியில் மட்டும் சுடப்படுவதல்ல, விண்வெளியிலும் சூளை எரிகிறது என்று உலகம் அறிந்தது.

ஆப்ப மாவும் ஆப்ப சோடாவும்

இனி மாணவி கேட்ட செவ்வாய்க்கு வருவோம்.

1976 ஜூலை 20ல் வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. செப்டம்பரில் இரண்டாவது வைக்கிங்கும் இறங்கியது. மண்ணை அள்ளிச் சோதிக்க ஒவ்வொன்றிலும் மூன்று உயிரியல் பரிசோதனைகள். அவற்றில் கில்பர்ட் லெவின் என்பவருடைய பரிசோதனையைச் சொன்னால் போதும். செவ்வாய் மண்ணின் மேல் சத்துள்ள ஒரு சொட்டுத் திரவத்தை விட்டார்கள். அதில் கதிரியக்கக் கார்பனைக் கலந்து அடையாளம் வைத்திருந்தார்கள். மண்ணில் நுண்ணுயிர் இருந்தால் அதைத் தின்னும், தின்றால் வாயு விடும், வாயுவில் அந்த அடையாளம் இருக்கும். விட்டார்கள். வாயு வந்தது! அதே மண்ணை 160 டிகிரி வரை சுடவைத்துவிட்டுச் சொட்டு விட்டார்கள். வாயு வரவில்லை. சூட்டில் உயிர் செத்துவிட்டது என்றுதானே தோன்றும்?

தாய்மார்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆப்ப மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குகிறது. அது உயிர், கண்ணுக்குத் தெரியாத ஜீவராசிகளின் வேலை. மாவு கரைக்க மறந்துபோய், காலையில் அவசரமாகச் சோடா உப்பைப் போட்டு மோரை ஊற்றினாலும் பொங்குகிறது. அது உயிரல்ல, வெறும் ரசாயனம். இரண்டிலும் வருவது ஒரே வாயுதான். பொங்கியதை மட்டும் பார்த்து, இது புளித்ததா, சோடா போட்டதா என்று எப்படித் தீர்ப்பது?

செவ்வாயிலும் அந்தச் சிக்கல்தான். உயிராக இருந்தால் இரண்டாவது சொட்டு விட்டபோது இன்னும் அதிகமாகப் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவில்லை. மேலும், மண்ணில் கரிமப் பொருள் உண்டா என்று தேடிய வேறொரு கருவி ஒன்றும் இல்லை என்றது. உடம்பே இல்லாமல் உயிர் மட்டும் இருக்குமா?

மேரிலாந்து சர்வகலாசாலையில் பொன்னம்பெருமா அப்போது தம்முடைய ஆராய்ச்சிசாலையை நடத்திக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்தார்? இரும்புத் துருவைப் போன்ற தாதுக்களையும் பெராக்சைடு வகை ரசாயனத்தையும் எடுத்துக்கொண்டு, வைக்கிங்கின் சத்துத் திரவத்தோடு சேர்த்துப் பார்த்தார். ஒரு உயிரும் இல்லாமலே வாயு வந்தது! 1977ல் அவரும் சகாக்களும் அதை வெளியிட்டார்கள். செவ்வாயில் நடந்தது சோடா உப்பின் வேலையாக இருக்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

இதைப் படித்தபோது சிறிது நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டோம். எந்த மனிதருக்குச் செவ்வாயில் உயிர் இருந்தால் மிகவும் சந்தோஷமோ, அந்த மனிதர்! உண்டு என்று சொல்லியிருந்தால் பேரும் புகழும் பணமும் கொட்டியிருக்கும். அவர் தம்முடைய ஆசைக்கு எதிர்ச்சாட்சியைத் தம் கையாலேயே தயாரித்து வைத்தார். லெவின் 2021ல் இறக்கும் வரை தாம் கண்டது உயிர்தான் என்றே சொல்லிவந்தார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, தர்க்கம் அப்படித்தான் நடக்க வேண்டும். 2008ல் பீனிக்ஸ் என்ற கலம் இறங்கி, செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பைக் கண்டது. அந்த உப்பு, மண்ணைச் சுடவைக்கும்போது கரிமப் பொருளை எரித்து அழித்துவிடக் கூடியது. ஆகவே அந்தக் கருவி சொன்ன 'இல்லை'யும் முழு இல்லை அல்ல என்றாயிற்று. வழக்கு இன்னும் தள்ளுபடியாகவில்லை.

நம் வீட்டு விஷயம்

தோழர்களே, இவ்வளவு சொல்லிவிட்டு நம் பக்கத்துப் பிசகை மறைத்தால் நாம் பேசியதற்கு மரியாதை இல்லை. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர், பயிர்களின் மரபை நினைத்தபடி வளைக்கலாம் என்றார். கேட்க இனித்தது. பரிசோதனை ஒத்துவரவில்லை. ஆனால் அதிகாரம் அவர் பக்கம் நின்றது. எதிர்த்து நின்ற மாபெரும் தாவர விஞ்ஞானி வாவிலோவ் 1943ல் சிறையில் மாண்டார். ஓபாரின் லைசென்கோவோடு நின்றார். பெர்னாலும் லைசென்கோவுக்காக வாதாடினார். ஆம், நாம் இத்தனை நேரம் புகழ்ந்த அதே பெர்னால்! ஹால்டேனுக்கு அது தொண்டையில் முள்ளாகச் சிக்கி, அவர் கட்சியை விட்டே விலகினார்.

ஓபாரினும் பெர்னாலும் கற்றுக்கொடுத்த பாடத்தில் அவர்களே தோற்றார்கள். அவர்கள் வழியில் வந்த காலி நகரத்து மாணவர் 1977ல் தேறினார். இதைச் சொல்வது எதிரிக்கு அவல் போடுவதாகும் என்று ஒரு தோழர் கூட்டத்துக்கு முன்பு எச்சரித்தார். ஐம்பது அறுபது வருஷமாக மென்று துப்பிய அவல் அது, தோழர். நாமே எடுத்துச் சொல்வது நல்லது.

பொன்னம்பெருமாவும் குற்றமற்ற தெய்வம் அல்ல. 1984ல் இலங்கைக்குத் திரும்பி விஞ்ஞான நிறுவனங்களை நடத்தினார். ஏழை நாடுகளின் பிள்ளைகளும் உயர்ந்த விஞ்ஞானம் செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். ஆனால் அந்நாட்டு ஜனாதிபதிக்கு விஞ்ஞான ஆலோசகராகவும் இருந்தார். 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் தமிழர்கள் எரிக்கப்பட்டு ஓராண்டு கூட ஆறவில்லை. அந்த ஆட்சியின் நிழலில் உட்கார அவருக்கு எப்படி மனம் வந்தது என்று நமக்கு உறுத்தத்தான் செய்கிறது. சாம்பலுக்குள்ளும் ஆராய்ச்சிசாலை வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அதை நாம் நியாயப்படுத்தவும் மாட்டோம், அதனால் அவருடைய ஆராய்ச்சியைத் தள்ளவும் மாட்டோம். 1994 டிசம்பர் 20ல் அவர் காலமானார். பூமிக்கு வெளியே ஓர் உயிரையும் அவர் பார்க்கவில்லை.

முன்வரிசையில் இருக்கும் பெரியவர், ஆலையில் உழைத்து ஓய்ந்த தோழர், கூட்டத்துக்கு வரும் வழியில் நம்மை மடக்கிக் கேட்டார்: "ஆயுசு பூராவும் தேடி ஒண்ணும் கிடைக்கலைன்னா அது வீண்தானேப்பா?" இதே புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் இருந்தார், ஐயா. லெ ஜென்தீல் என்று பெயர். சூரியனைச் சுக்கிரன் கடப்பதைப் பார்க்க 1760ல் பிரான்சிலிருந்து கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊரை இங்கிலீஷ்காரன் பிடித்துக்கொண்டான். 1761ல் ஆடும் கப்பலில் நின்று அளவெடுக்க முடியவில்லை. எட்டு வருஷம் காத்திருந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகையின் மேல் தொலைநோக்கியைப் பூட்டினார். 1769 ஜூன் 4 காலையில் மேகம் மூடிக்கொண்டது! ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று எண்ணிச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆனால் அதே சுக்கிரக் கடப்பை 1761ல் ருஷ்யாவில் லொமொனோசோவ் பார்த்து, சுக்கிரனுக்குக் காற்று மண்டலம் உண்டு என்று சொன்னார். அங்கே ஜீவன்கள் இருந்தால் என்ன என்றும் யோசித்தார். பல தேசத்தவர் எடுத்த அளவுகளிலிருந்து சூரியனின் தூரம் கணக்காயிற்று. ஒருவர் தலைக்கு மேல் மேகம் இருந்தால் இன்னொருவருக்கு வானம் தெளிவாக இருக்கும். பெரியவருக்கு இது முழுத் திருப்தி தரவில்லை என்று அவர் முகத்தில் தெரிகிறது. கூட்டம் முடிந்ததும் பேசுவோம்.

சரி அம்மா, உன் கேள்விக்கு இன்றைய பதில். செவ்வாயில் உயிர் கண்டுபிடிக்கப்படவில்லை. செல்போனில் வருவது எங்கிருந்து கிளம்பிற்று என்றால், 2021 பிப்ரவரியில் இறங்கிய பெர்சிவரன்ஸ் என்ற ஊர்தி, பழங்காலத்து ஆற்றுப் படுகையில் 2024 ஜூலையில் ஒரு பாறையைக் கண்டது. அதில் சிறுத்தைத் தோலைப் போலப் புள்ளிகள். இரும்பும் பாஸ்பரசும் கந்தகமும் சேர்ந்த தாதுக்கள். பூமியில் இப்படிப்பட்டவற்றை நுண்ணுயிர்கள் செய்வதுண்டு. உயிர் இல்லாமலும் உண்டாகக் கூடும். 2025 செப்டம்பரில் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டபோது, உயிரின் சுவடாக இருக்கலாம் என்ற அளவோடு நிறுத்தினார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, ஏப்ரலில், இந்தியாவில் பிறந்த நிக்கு மதுசூதன் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியரின் குழு, 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு கிரகத்தின் காற்றில் உயிரைக் குறிக்கும் வாயு இருக்கலாம் என்றது. வேறு விஞ்ஞானிகள் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, ருசு போதாது என்றார்கள். மறுபடியும் ஆப்ப மாவும் சோடா உப்பும்தான்.

அந்தச் செவ்வாய்ப் பாறையில் குடைந்தெடுத்த ஒரு சிறு துண்டு, விரல் கனமுள்ள ஓர் உலோகக் குழாயில் மூடப்பட்டு அங்கேயே இருக்கிறது. அதை இங்கே கொண்டுவந்து நல்ல ஆராய்ச்சிசாலையில் பார்த்தால், உண்டா இல்லையா என்பதில் பெரும்பகுதி விளங்கும். கொண்டுவரும் திட்டத்தைக் கைவிட வேண்டும், செலவு அதிகம் என்று 2025 மே மாதத்தில் அமெரிக்க சர்க்கார் தன் பட்ஜெட்டில் யோசனை சொன்னது. அதே பட்ஜெட்டில் ராணுவத்துக்கு ஒரு லட்சம் கோடி டாலர் என்று எழுதியிருந்தது.